மாமூல் வழி

அந்த நெடுவரிசையின் பெயரை மாற்றியது நான்தான். ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், இரவு பதினொரு மணிக்கு மேல், யாருக்கும் தொந்தரவு கூடாது என்றே அந்த நேரத்தைத் தேர்ந்து, வாடிக்கையாளர் டேபிளில் 'லாஸ்ட் நேம்' என்றிருந்ததை 'இனிஷியல்' என்று மாற்றினேன். பேச்சில் நாங்கள் அதைக் 'காலம்' என்போம். எழுத்தில் அது நேரத்தைச் சுட்டும் காலத்தோடு கலந்துவிடும் என்பதால் இங்கே நெடுவரிசை என்கிறேன். ஆனால் நடந்ததை யோசிக்க யோசிக்க, அந்த இரண்டு காலங்களையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மாற்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது. எங்கள் படிவம் கடைசிப் பெயர் இல்லாத யாரையும் உள்ளே விடாது. வேறு ஊர்க்காரர்களின் பெயர் வழக்கத்தை மனதில் வைத்துச் செய்த படிவம் அது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள் அந்தப் பெட்டியில் என்ன எழுதுவார்கள்? சிலர் இனிஷியலை இட்டார்கள், சிலர் அப்பாவின் முழுப்பெயரை. சிலர் தங்கள் பெயரையே இன்னொரு முறை எழுதினார்கள். பலர் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்தார்கள். விலாசச் சீட்டில் 'முருகேசன் .' என்று அச்சாகி வரும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படும். ஒரு மனிதரின் பெயரை அவர் எழுதுகிறபடி எழுதுவதுதானே அவருக்குக் காட்டும் முதல் மரியாதை.

அந்த டேபிளை இரண்டு செயலிகள் பயன்படுத்தின. வாடிக்கையாளர்கள் ஆர்டர் கொடுக்கும் செயலி ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்டது. அலுவலகத்தில் உள்ளவர்கள் அந்த ஆர்டர்களைப் பார்த்து அனுப்பும் செயலியைப் பைத்தான் தெரிந்த நண்பர் ஒருவர் ஜாங்கோவில் எழுதினார். இரண்டுக்கும் அடியில் ஒரே போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். பெயர் மாற்றத்தை நான் ரெயில்ஸ் பக்கத்து மைக்ரேஷனாக எழுதி ஓட்டினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. என் பக்கத்தில் எல்லாம் சரியாக ஓடியது. தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு அலுவலகச் செயலி விழுந்தது. அப்படி ஒரு நெடுவரிசையே இல்லை என்றது பிழைச் செய்தி. ஓடிப்போய் ஜாங்கோ பக்கத்திலும் பெயரைத் திருத்தி இருபது நிமிடத்தில் எழுப்பிவிட்டோம். விஷயம் அத்தோடு முடிந்தது என்று இருவருமே நினைத்தோம்.

அன்று மாலை நண்பரும் நானும் உட்கார்ந்து யோசித்தபோது முதலில் கண்ணில் பட்டது, அந்தத் தரவுத்தளத்துக்குள் இரண்டு பேரேடுகள் அடுத்தடுத்து இருந்ததுதான். டேபிள்களின் வடிவத்தில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சிறு கோப்பாக எழுதி, எது எது ஓடி முடிந்தது என்பதைத் தரவுத்தளத்திலேயே குறித்துவைப்பதற்குப் பெயர்தான் மைக்ரேஷன். ரெயில்ஸ் தன் குறிப்பை 'ஸ்கீமா மைக்ரேஷன்ஸ்' என்ற டேபிளில் எழுதும். ஜாங்கோ தன்னுடையதை 'ஜாங்கோ மைக்ரேஷன்ஸ்' என்ற டேபிளில். லாரவெல், லிக்விபேஸ், ஃப்ளைவே, அலெம்பிக் என்று எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கென்று இப்படி ஒரு பேரேடு உண்டு. எந்தப் பேரேடும் பக்கத்துப் பேரேட்டைப் படிப்பதில்லை.

இந்தக் கருவிகளின் வரலாற்றைப் பார்த்தால் இது யாருடைய கவனக்குறைவும் இல்லை என்று தெரியும். 2005இல் ரெயில்ஸில் மைக்ரேஷன் வந்தபோது பேரேட்டில் ஒரே ஓர் எண்தான் இருந்தது: இதுவரை எத்தனையாவது மாற்றம் ஓடியிருக்கிறது என்று. ஒரே செயலியை எழுதும் இருவர் ஒரே நாளில் தனித்தனியாக 47ஆம் எண்ணில் ஆளுக்கொரு மைக்ரேஷன் எழுதினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அதனால் 2008இல் வெளியான 2.1 பதிப்பில் எண்ணுக்குப் பதில் எழுதிய தேதியையும் நேரத்தையும் வைத்தார்கள். ஓடி முடிந்தவை ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகப் பதிவாயின. அதே 2008இல் ஆண்ட்ரூ காட்வின் ஜாங்கோவுக்காக 'சவுத்' என்ற கருவியை வெளியிட்டார். பின்னர் மைக்ரேஷன் வசதியை ஜாங்கோவுக்குள்ளேயே புதிதாக எழுதியவரும் அவர்தான், 2014இல் 1.7 பதிப்போடு அது வந்தது. இவர்கள் எல்லோரும் தீர்க்க முயன்றது ஒரே வீட்டுக்குள் அண்ணன் தம்பிக்கு இடையே வரும் சிக்கலை. பக்கத்து வீட்டுக்காரரும் இதே கிணற்றில் இறைக்கிறார் என்ற எண்ணத்துக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. மைக்ரேஷன் ஓடும்போது ரெயில்ஸ் ஒரு பூட்டுப் போடும். 5ஆம் பதிப்பு முதல் அது உண்டு. இன்னொரு ரெயில்ஸ் மைக்ரேஷன் அதே சமயம் உள்ளே வராமல் அது தடுக்கும். ஜாங்கோவுக்கு அந்தப் பூட்டு கண்ணிலேயே படாது.

என்னை அதைவிட யோசிக்கவைத்தது வேறொன்று. புதிய மைக்ரேஷன் தேவையா என்று ஜாங்கோவைக் கேட்டால், அது தரவுத்தளத்தில் உள்ள டேபிளைத் திறந்து பார்ப்பதில்லை. தன் பழைய மைக்ரேஷன் கோப்புகளை வரிசையாகக் கூட்டி, டேபிள் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று தனக்குள் ஒரு சித்திரம் வரைந்துகொள்கிறது. இப்போதைய நிரலை அந்தச் சித்திரத்தோடு ஒப்பிட்டு, மாற்றம் ஏதும் இல்லை என்கிறது. ரெயில்ஸின் வழி நேர் எதிரானது. அது டேபிளையே கேட்டு நெடுவரிசைகளைத் தெரிந்துகொள்ளும். ஆனால் ஒருமுறை கேட்டதை, மறுபடி தொடங்கும்வரை நினைவில் வைத்திருக்கும். நடுவில் ஒரு நெடுவரிசையை எடுத்துவிட்டால், இல்லாததை இருப்பதாக நம்பி எழுதப் போய் விழும். ஒன்று தன் குறிப்பை நம்புகிறது, மற்றது தன் நினைவை நம்புகிறது. டேபிளோ இருவருக்கும் பொதுவாக, இருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறது.

இந்த அளவில் புரிந்துகொண்டு, இனி டேபிளை மாற்றுவதற்கு முன் ஒருவருக்கொருவர் சொல்லிவிட வேண்டும் என்று பேசி முடித்தோம்.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்டில், வேறு ஏதோ வேலையாகக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருக்கும் அக்கா, நான் வந்த காரியம் முடியும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அந்த விலாச லிஸ்ட் இனிமே வராதா?"

எந்த லிஸ்ட் என்று கேட்டேன். தன் கணினியில் ஓர் எக்செல் கோப்பைத் திறந்து காட்டினார். பல வருடங்களுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவர் அவருக்காகச் செய்துகொடுத்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தரவுத்தளத்திலிருந்து நேராகப் பெயரும் விலாசமும் வந்து நிரம்பும். மாதக் கடைசியில் அதை அச்சிட்டு, பில் உறைகளின் மேல் ஒட்டுவார். ஜூலைக் கடைசியில் பொத்தானை அழுத்தியபோது ஆங்கிலத்தில் ஏதோ வந்து நின்றுவிட்டது.

"அப்புறம் என்னக்கா பண்ணீங்க?"

"என்ன பண்றது. ரெண்டு நாள் உக்காந்து கையாலயே அடிச்சுட்டேன். யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல."

அந்த இரண்டு நாட்களைப் பற்றித்தான் எழுத விரும்பினேன். செயலி விழுந்தால் அலாரம் அடிக்கும், நாங்கள் ஓடுவோம். இவருக்கு அலாரம் இல்லை. நாங்கள் இரவில் ஒரு வரியை மாற்றியதற்கு, இவர் பகலில் இரண்டு நாள் குனிந்து உட்கார்ந்து விலாசங்களைத் தட்டச்சு செய்திருக்கிறார். அதில் புள்ளியோடு முடிகிற பெயர்களும் இருந்திருக்கும்.

நிலம் வாங்கியவர்களுக்கு வில்லங்கச் சான்று தெரியும். சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டால், இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை அந்தச் சர்வே எண்ணின் மேல் பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் வரும். ஊரில் எங்கள் அப்பா ஒரு துண்டு நிலம் பார்த்தபோது சான்று சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் பத்திரம் எழுதுகிறவர், போய் நிலத்தில் நின்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நின்று பார்த்தபோது வரப்போரமாக ஓர் ஒற்றையடித் தடம் ஓடியது. பின்னாலிருந்த தோட்டத்துக்காரர்கள் தலைமுறையாக நடந்த தடம். எந்தப் பதிவிலும் இல்லை. அதற்குத்தான் மாமூல் வழி என்று பெயர். அதை வேலி போட்டு அடைத்துவிட முடியாது. அடைத்தால் நடக்கிறவருக்கு வலிக்கும் என்பது, காகிதம் பார்த்தவருக்குத் தெரியாது.

எங்கள் டேபிளின் குறுக்கே போன மாமூல் வழி அந்த எக்செல் கோப்பு. இரண்டு செயலிகளின் நிரல் முழுவதையும் தேடியிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது. தரவுத்தளத்தின் பதிவுகளிலும் எளிதில் பிரித்தறிய முடியாது. ஏனென்றால் அந்தக் கோப்பு உள்ளே நுழைந்தது எங்கள் செயலிகள் பயன்படுத்திய அதே பொது லாகினில். எல்லோருக்கும் ஒரே சாவி இருந்தால் யார் வந்து போனார்கள் என்று கதவுக்குத் தெரியாது.

அன்றே பழைய பெயரில் நெடுவரிசையைத் திரும்பச் சேர்த்தேன். ஒன்றில் எழுதினால் மற்றதிலும் எழுதும்படி ஒரு டிரிகர் வைத்தேன். அக்காவின் பட்டியல் மறுபடி வந்தது. அதற்குப் பிறகுதான் படிக்க வேண்டியதையெல்லாம் உட்கார்ந்து படித்தேன்.

இந்தத் துறையில் இது பழைய கேள்வி. எட்கர் காட் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில்தான் நாம் இன்று பயன்படுத்தும் டேபிள் முறையின் அடித்தளம் இருக்கிறது. அதன் தலைப்பிலேயே, பகிர்ந்து பயன்படுத்தும் பெரும் தரவு வங்கிகளுக்கான உறவுமுறை மாதிரி என்று இருக்கிறது. உறவுமுறை என்ற சொல்லை உலகம் பிடித்துக்கொண்டது. பகிர்வு என்ற சொல்லின் மேல் யார் கண்ணும் நிற்கவில்லை. உள்ளே தரவு எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மாறினாலும் அதைப் பயன்படுத்தும் நிரல்களும் மனிதர்களும் பாதிக்கப்படக் கூடாது என்பது அவருடைய முதல் கவலை. 1975இல் ஒரு தரநிலைக் குழு, ஆன்சி-ஸ்பார்க் என்பார்கள், அதை மூன்று அடுக்குகளாக வகுத்தது. அடியில் சேமிப்பு, நடுவில் முழுமையான வடிவம், மேலே ஒவ்வொரு பயனருக்கும் அவரவர் காண வேண்டிய முகம். அந்த மேலடுக்கை நிறைவேற்றும் சாதனம் பெரும்பாலான தரவுத்தளங்களில் நெடுநாளாகவே இருக்கிறது. வியூ என்று பெயர். இணையச் செயலிகள் வந்த வேகத்தில் நாங்கள் அதை மறந்துபோனோம். டேபிளையே நேராகத் தொட்டோம், அது எங்களுக்கு மட்டுமே உரியது என்ற நினைப்பில்.

பிரமோத் சதலாகேயும் ஸ்காட் ஆம்ப்ளரும் 2006இல் எழுதிய 'ரீஃபேக்டரிங் டேட்டாபேசஸ்' புத்தகம் இந்த இடத்தில் எனக்குப் பெரிய துணை. பலர் பயன்படுத்தும் டேபிளில் எதையும் ஒரே வீச்சில் மாற்றாதே. புதியதைச் சேர், பழையதையும் வைத்திரு, இரண்டையும் டிரிகரால் இணை, பழையது போகும் தேதியைக் குறித்து எல்லோருக்கும் அறிவி என்பது அவர்கள் காட்டிய வழி. அக்காவுக்காக அவசரத்தில் நான் செய்ததைத்தான் அவர்கள் முன்யோசனையோடு செய்யச் சொல்கிறார்கள். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதை எந்தப் புத்தகமும் உங்களுக்காக முடிவு செய்ய முடியாது. அது உங்களைச் சுற்றி இருக்கிறவர்களின் நாட்காட்டியில் இருக்கிறது.

பகிரவே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒவ்வொரு செயலிக்கும் தனித் தரவுத்தளம், ஒன்று மற்றதிடம் ஏபிஐ வழியாகக் கேட்டுக்கொள்ளட்டும் என்பார்கள். நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் அது சரி. நாலு பேர் உள்ள அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் விலாசம் ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் நன்மையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏபிஐக்கும் மாமூல் வழிகள் உருவாகும் என்பதை அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் முதலில் செய்தது உரிமையை ஓரிடத்தில் வைத்தது. போஸ்ட்கிரஸில் ஒரு விதி இருக்கிறது. படிக்க, எழுத, அழிக்க என்று மற்ற உரிமைகளைத் தனித்தனியாக யாருக்கும் கொடுக்கலாம். டேபிளின் வடிவத்தை மாற்றும் உரிமையை மட்டும் அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது. அது உடைமையாளரோடு ஒட்டியது. ஆகவே இரண்டு செயலிகளும் பயன்படுத்திய பொது லாகினிடமிருந்து உடைமையை எடுத்து, வேறெதற்கும் பயன்படாத இன்னொரு லாகினிடம் கொடுத்தோம். மைக்ரேஷன் கோப்புகள் இரண்டு செயலிகளுக்கும் வெளியே தனிக் களஞ்சியத்துக்குப் போயின. ஜாங்கோவில் அந்த டேபிள்களுக்கு 'மேனேஜ்ட்' என்பதை இல்லை என்று குறித்தோம். இனி அது பயன்படுத்தும், மாற்றாது. அப்படிக் குறித்தால் சோதனைகளுக்கான தற்காலிகத் தரவுத்தளத்தில் அந்த டேபிள்களை ஜாங்கோ உருவாக்கவும் உருவாக்காது என்று அடுத்த நாள் தெரிந்தது. வடிவத்தின் நகலைத் தனியே ஏற்றிச் சமாளித்தோம். நண்பருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். தன் செயலிக்கு ஒரு நெடுவரிசை சேர்க்க இனி அடுத்தவரிடம் கேட்க வேண்டுமே என்றார். எனக்கும் அதே வருத்தம் இருந்தது. கேட்பதும் கேட்கப்படுவதும்தான் வேலை என்று பழக எங்களுக்குச் சில மாதம் ஆனது.

பிறகு ஆளுக்கொரு சாவி. ஒவ்வொரு செயலிக்கும், அக்காவின் எக்செலுக்கும் தனித்தனி லாகின். பழைய பொது லாகினை மூடவில்லை. அதில் யார் வந்து என்ன கேட்டாலும் பதிவாகும்படி செய்துவிட்டுத் திறந்தே வைத்தோம். எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் புது வழியில் போய்விட்டார்கள். இனி அந்தப் பழைய தடத்தில் நடப்பவர் நாங்கள் அறியாதவர்.

அக்காவுக்கு ஒரு வியூ செய்தோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போஸ்ட்கிரஸில் ஒரு டேபிளின் நெடுவரிசைக்குப் பெயர் மாற்றினாலும், அதன் மேல் கட்டிய வியூ தான் காட்டும் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. உள்ளே என்ன பெயர் வந்தாலும் அது பழைய பெயரிலேயே கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த ஜூலை இரவில் நடுவே ஒரு வியூ இருந்திருந்தால் அக்காவின் பொத்தான் வழக்கம்போல வேலை செய்திருக்கும். அதைவிட முக்கியம்: வியூ சார்ந்திருக்கும் ஒரு நெடுவரிசையை அழிக்கப் போனால் போஸ்ட்கிரஸ் மறுத்துவிடும். இன்ன வியூ இதைச் சார்ந்திருக்கிறது என்று பெயரோடு சொல்லும். எக்செல் கோப்புக்குள் எழுதியிருக்கும் குவெரி தரவுத்தளத்தின் கண்ணுக்குத் தெரியாத நடை. அதையே வியூவாக எழுதி உள்ளே வைத்துவிட்டால், பதிவான பாத்தியம். வில்லங்கச் சான்று கேட்டால் அதில் அவர் பெயர் வரும்.

இதற்கிடையே இன்னொரு பாடமும் வந்தது. ஒரு மாதக் கடைசியில் அக்கா பெரிய அறிக்கை ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்த நேரம், அதே டேபிளில் சின்ன மைக்ரேஷன் ஒன்றை ஓட்டினோம். டேபிளின் வடிவத்தை மாற்றும் கட்டளை யாரும் உள்ளே இல்லாதபோதுதான் நுழைய முடியும். அக்காவின் அறிக்கை முடியும்வரை அது வாசலில் நின்றது. அது நிற்பதால் அதற்குப் பின் வந்த எல்லோரும், வெறுமனே படிக்க வந்தவர்கள்கூட, அதன் பின்னால் வரிசையில் நின்றார்கள். கடை முழுவதும் உறைந்துபோனது. பூட்டுக்கு ஒரு காலவரம்பு வைத்து, சில நொடிகளில் இடம் கிடைக்காவிட்டால் விலகிப்போய்ப் பிறகு வா என்று மைக்ரேஷனுக்குச் சொல்லத் தெரிந்துகொண்டோம். வழியில் நின்றுகொண்டு காத்திருப்பதும் வழியை அடைப்பதுதான்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்கு, பழைய பொது லாகினில் ஒரு காலடி விழுந்தது. ஒரே ஒரு குவெரி. தேடிப் போனால், யாரும் நினைவில் வைத்திராத பழைய சர்வர் ஒன்றில் ஒரு சிறு நிரல்: பண்டிகைக்கு வாடிக்கையாளர்களுக்கு வாழ்த்துக் குறுஞ்செய்தி அனுப்புவது. வருடத்துக்கு இரண்டே முறை விழித்துக்கொள்ளும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும். செப்டம்பரோடு போதும், பழைய நெடுவரிசையை எடுத்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்திருந்தால் அந்த வருடம் வாழ்த்து போயிருக்காது. போகவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தும் இருக்காது. அதற்கும் ஒரு வியூ செய்தோம். பொங்கலும் போனது. பழைய தடத்தில் யாரும் வரவில்லை.

எடுத்துவிடலாமா என்று அக்காவிடம் போய்க் கேட்டேன். தொழில்நுட்பம் தெரியாதவரிடம் ஏன் கேட்கிறாய் என்று நண்பர் கேட்டார். இந்த அலுவலகத்தின் வருடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

"மார்ச் கழியட்டும் தம்பி. ஆடிட்டர் ஆபீஸ்லேருந்து பசங்க வந்து ஒரு வாரம் உக்காருவாங்க. அவங்க என்ன கேப்பாங்கன்னு வந்தாத்தான் தெரியும்."

மார்ச் கழிந்தது. ஏப்ரலில் அவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், அவர்களுக்கும் ஒரு லாகின், ஒரு வியூ. மே மாதம் பிறந்தது. உடனே அழிக்கவில்லை. படிக்கும் உரிமையை நெடுவரிசை வாரியாகவும் கொடுக்க முடியும் என்பதால், அந்த ஒரு நெடுவரிசையைப் பார்க்கும் உரிமையை மட்டும் எல்லோரிடமிருந்தும் எடுத்தோம். அழித்தால் பேக்கப்பைத் தேட வேண்டும். உரிமையை எடுத்தால், யாராவது குரல் கொடுத்த அடுத்த நொடி திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு மாதக் கடைசி தாண்டும்வரை அப்படியே விட்டோம். யாரும் குரல் கொடுக்கவில்லை.

டிரிகரையும் பழைய நெடுவரிசையையும் எடுக்கும் மைக்ரேஷன் சில வரிகள்தான். எப்போது ஓட்டலாம் என்று நண்பர் கேட்டபோது, வழக்கம்போல இரவு என்றுதான் வாயில் வந்தது. வேண்டாம் என்று புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு வைத்தோம். அந்த நேரத்தில் எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள். கணக்குப் பிரிவுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டு, அவர் மேசைக்குப் பக்கத்திலேயே என் மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். கட்டளை ஓடியது. அவர் பொத்தானை அழுத்தினார். இனிஷியல்கள் முன்னால் நிற்க, பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து நிரம்பின. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். நான் அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.